கால்காரர் வீட்டுப் பெட்டி

எங்கள் தெருவுக்குள் வழி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கால்காரர் வீட்டைத்தான் கேட்பார்கள். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, பேன்ட்டின் ஒரு பக்கத்தை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு வருவார்கள். சில வாரம் போக்கும் வரத்துமாக இருக்கும். பிறகு ஒருநாள் இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு நடந்து போவார்கள். அதன் பிறகு அவர்களை இந்தப் பக்கம் பார்க்க முடியாது. பார்க்க முடியாவிட்டால் கால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் பெயரை மட்டும் கேட்டுவிட்டு அவருக்கே கால் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவதைக் கண்டதும் வாயைப் பிளப்பார்கள். நல்ல திடமான ஆள். செயற்கைக் கால் செய்வது தொழில். முன்னறையில் ஒரு பெரிய அடுப்பு. அதில் பிளாஸ்டிக் தகட்டை அப்பளம் மாதிரி இளக்கி, அச்சின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்ட வைப்பார். மிச்சக் காலைச் செருகிக்கொள்கிற கூடு அப்படித்தான் உருவாகும். அதன் கீழே குழாயும் பாதமும் பூட்டினால் கால். செய்து முடித்த கால்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும். எதிர் வீட்டு மாடியில் குடியிருந்த எங்களுக்கு ஜன்னலைத் திறந்தாலே அந்தக் கால்கள்தான் தெரியும்.

அச்சுக்கு உருவம் கொடுப்பது அவர் மனைவி. இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு கருவியை மிச்சக் காலைச் சுற்றிக் காட்டுவார். கம்ப்யூட்டர் திரையில் அந்தக் காலின் உருவம் அப்படியே எழும். அதற்குப் பிறகுதான் அந்தம்மாவின் வேலை. எலும்பு துருத்துகிற இடத்தில் கொஞ்சம் இடம் விடவேண்டும். சதை தாங்குகிற இடத்தில் இறுக்கவேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் தோல் உரியும், குறைந்தாலும் கால் ஆடும். வந்தவரை உட்கார வைத்து, எங்க வலிக்குது, நிக்கும்போதா நடக்கும்போதா, சாயங்காலம் வீங்குதா என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டுத் திருத்துவார். ஒருவருக்குச் சரியாக வருவதற்குள் பத்துத் தரம் மாற்றியிருப்பார். அப்படிச் சரியாகிப் போன ஒவ்வொருவருடைய உருவமும் நடுவறையில் மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டியில் இருந்தது. கூடு உடைந்து போனால் மறுபடி ஆளை வரவழைத்து வதைக்க வேண்டாம். பெட்டியைக் கேட்டால் போதும், அச்சு வந்துவிடும். இரவு பகலாக அது உறுமிக்கொண்டே இருக்கும். கால்காரர் அதைத் தனக்கு வந்த சக்களத்தன் என்று கேலி பேசுவார். மனைவி தன் கையாலேயே துடைப்பது அந்த வீட்டில் அது ஒன்றைத்தான் என்பார்.

அந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தவர் ஒயர் என்று பெயரெடுத்த கம்ப்யூட்டர் மெக்கானிக். கழுத்தில் எப்போதும் ஒரு ஒயர் மாலை மாதிரி கிடக்கும். அவர் அன்றைக்கே சொல்லியிருந்தார். பெட்டியில் ஒன்று இருக்கட்டும், பெட்டிக்குப் பின்னால் ஒரு டிஸ்க்கில் அதே மாதிரி ஒன்று தானாக ஏறிக்கொண்டிருக்கட்டும், மூன்றாவதாக ஒன்றை இந்த வீட்டுத் தண்ணியும் தீயும் எட்டாத வேறு வீட்டில் வையுங்கள் என்று. எதற்கு இவ்வளவு பந்தோபஸ்து என்று கால்காரர் கேட்டதற்கு, திருடன் வந்தா ஒரு வீட்டுக்குள்ள எல்லா ரூமுக்கும்தானே போவான் என்றாராம்.

அந்த மூன்றாவது டிஸ்க் போன இடம் அக்கா வீடு. அந்தம்மாவின் அக்கா ஊரின் மேட்டுப் பக்கத்தில், அடுக்குமாடியில் உயரமாக ஒரு வீட்டில் இருந்தாள். அக்காவின் கணவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மாதம் ஒருமுறை தங்கை அங்கே போவாள். சாப்பிடுவாள், அக்காவோடு மனசு விட்டுப் பேசுவாள், புதிதாக ஏற்றிய டிஸ்க்கை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு வருவாள். நல்ல ஏற்பாடுதான். சகலைகள் இருவரும் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் நன்றாகத்தான் நடந்தது.

இன்சூரன்ஸ்காரருக்கு வாய் அதிகம். கெட்ட மனுஷர் இல்லை. நாலு பேர் கூடினால் சிரிக்க வைக்காமல் இருக்க முடியாது. அவர் வீட்டில் ஒரு விருந்து. தன்னுடன் வேலை பார்க்கிறவர்களுக்குக் கால்காரரை அறிமுகப்படுத்தியபோது, "ஊர்ல யாராவது விழுந்து காலை ஒடைச்சாத்தான் எங்க சகலை வீட்ல உலை கொதிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கால்காரரும் சிரித்தார். சாப்பிட்டார், கையைக் கழுவினார், சொல்லிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அத்தான் விளையாட்டுக்குத்தானே சொன்னார் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். எனக்கொண்ணும் கோபமில்லையே என்றுவிட்டார். கோபம் இருக்கிறது என்று சொன்னாலாவது சமாதானம் பண்ணலாம். இல்லை என்று சொல்கிற மனுஷரை என்ன செய்வது?

நீ வேணா போயிட்டு வாயேன் என்பார். அவள் கிளம்பினால் முகம் ஒரு மாதிரி ஆகும். போனால் அங்கே, எங்க உன் வீட்டுக்காரர் என்று கேட்பார்கள். அதற்கும் பயந்து அவள் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளினாள். அக்காவோடு போனில் பேசுவதோடு சரி. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்து, மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. டிஸ்க் அங்கேயே கிடந்தது.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. தெருக்கோடிக் கால்வாய் விளிம்பு வரை வந்து நின்றிருந்த ஒரு மத்தியானம், மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி ஒன்று சொல்லிக்கொண்டு போனது. அது தெருமுனை திரும்புவதற்குள் சாக்கடைத் தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்துவிட்டது. வாசல் வழியாக வரும் என்று எல்லோரும் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்க, அது குளியலறை ஓட்டை வழியாக வீட்டுக்குள் வந்தது.

கால்காரர் மனைவி நேராகப் பெட்டிக்குத்தான் ஓடினாள். சட்டென்று பிடுங்கக்கூடாது, எழுதிக்கொண்டிருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் அணையும். அவள் அதை அணையச் சொல்லிவிட்டு நிற்கும்போது, கால்காரர் சுவரிலிருந்து கால்களைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, முதல்ல இதைத் தூக்கி எதிர்வீட்டு மாடியில வைங்க. ரெண்டு பேரும் பிடிச்சாத்தான் ஆகும்."

"நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்னு போனவங்க கால் இது. அவங்க எதை மாட்டிக்கிட்டு ஓடுவாங்க? இதைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துடறேன்."

"கால் போனா இதை வெச்சு வேற செய்யலாம். இது போனா?"

"வந்துடறேம்மா. ரெண்டே நடை."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். இப்போது யோசித்தாலும் யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொட்டுகிற மழையில் ஒரு ஆள் இரண்டு தோளிலும் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்ததை எங்கள் மாடிப்படியில் நின்று பார்த்தேன். முதல் நடையில் தண்ணீர் அவர் முழங்காலுக்கு. இரண்டாவது நடையில் இடுப்புக்கு. மூன்றாவதாகப் பெட்டிக்கென்று இறங்கியவரை இழுப்பு சாய்த்துவிட்டது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் நாங்கள் எங்கள் வீட்டுக் கொடிக் கயிற்றை வீசினோம். அதைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பிப் போய், மனைவியைக் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கடப்பது நடக்கிற காரியமில்லை.

வருவதற்கு முன் இருவருமாக அதைத் தூக்கி மேஜை மேல் வைத்து, அதற்கும் மேலே போக வழியில்லாமல், பிளாஸ்டிக் தகட்டால் போர்த்திவிட்டு வந்திருந்தார்கள். பின்னால் செருகியிருந்த டிஸ்க்கும் அதோடேயே இருந்தது. மேஜை உயரத்துக்குத் தண்ணீர் வராது என்று அவர் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் கொடுத்த டீயை இருவரும் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்கள். ஆறிப்போயிற்று.

அவர் சொன்னது பலித்தது. தண்ணீர் மேஜை விளிம்பைத் தொடவில்லை. ஆனால் அந்த மேஜை நிஜ மரமில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஊறி, ரொட்டி மாதிரி உப்பி, பிட்டுக்கொண்டது. வெள்ளம் வடிந்து கதவைத் தள்ளித் திறந்தபோது மேஜை ஒரு பக்கம் மண்டிபோட்டுக் கிடந்தது. பெட்டியும் டிஸ்க்கும் சேற்றுக்குள் முகம் குப்புறக் கிடந்தன. கால்காரர் அந்த ஒடிந்த மேஜைக் காலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். அவர் மனைவி, முதலில் பெட்டியைத் தூக்கியிருக்கலாம் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. வாளியை எடுத்துச் சேற்றை அள்ள ஆரம்பித்தாள்.

ஒயர் வந்து பார்த்தார். யாரும் ஆசைக்குக்கூட சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள் என்றார். சுத்தத் தண்ணீரென்றால் ஒரு நம்பிக்கை உண்டு, இது சேறு, உள்ளே போயிருக்கிறது, பிரித்துக் கழுவி எடுக்கிற ஆட்கள் வெளியூரில் இருக்கிறார்கள், அனுப்பலாம், வந்தால் வரும் என்றார். அது வருகிற வரைக்கும் என்று அந்தம்மா கேட்டதற்கு, அந்த மூணாவது டிஸ்க் எங்கே என்று திருப்பிக் கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரிந்தது.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளம் காலையும் விட்டுவைக்கவில்லை. சிலருக்குப் பாதத்துக்குள் இருந்த நுரை ஊறிப் பிய்ந்திருந்தது. சிலருக்கு முட்டியில் பூட்டியிருந்த இரும்பு இறுகிவிட்டது. வீட்டை விட்டு ஓடும்போது கூட்டையே விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. கழுவி வெயிலில் காயப்போட்ட பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. எல்லார் வீட்டிலும்தான் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆனாலும் ஒரு அம்மா, பெட்டியில எங்க அளவெல்லாம் பத்திரமா இருக்குன்னு சொல்வீங்களே, அது போதும் என்று சொன்னபோது, கால்காரர் மனைவி உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு, நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன் என்றாள். கால்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இரு, நானும் வரேன்."

"நீங்க வேணாம். நான் மட்டும் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"நான்தானே போகாம விட்டேன். நான் வராம எப்படி?"

பஸ் ஓடவில்லை. சேற்றில் நடந்து, மேடு ஏறினார்கள். மேட்டுப் பக்கத்தில் தெரு காய்ந்திருந்தது. பூந்தொட்டிகள் அப்படியே இருந்தன. ஒரே ஊர்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்ததாம். அக்கா வீட்டுக் கதவு திறந்ததும் இன்சூரன்ஸ்காரர்தான் நின்றார். உள்ளே பளபளவென்று தரை. கால்காரர் முட்டி வரைக்கும் சேறு. அவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க சகல."

"இல்லண்ணே, காலெல்லாம் சேறு. டிஸ்க்கை மட்டும் வாங்கிட்டுப் போயிடறோம்."

இன்சூரன்ஸ்காரர் உள்ளே போனார். டிஸ்க்கோடு வருவார் என்று இவர்கள் நினைத்தார்கள். வாளி நிறையத் தண்ணீரும் ஒரு மக்கும் கொண்டுவந்தார். குனிந்து கால்காரர் பாதத்தில் ஊற்ற ஆரம்பித்தார். இவர் பதறிக் காலை இழுத்துக்கொள்ள, அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா நில்லுங்க. வயசுல பெரியவன் சொல்றேன்ல."

"விடுங்கண்ணே, என்ன இது."

"அன்னைக்கு நான் பேசினது தப்பு. நீங்க போனதும் வீட்ல இவ திட்டினா. திட்டாட்டியும் தெரியும். மறுநாளே வந்து சொல்லியிருக்கணும். வந்தா நீங்க கோபமில்லைன்னு சொல்லி அனுப்பிடுவீங்க. அதுக்குப் பயந்துக்கிட்டே நாளைத் தள்ளிட்டேன்."

கால்காரர் சுவரில் கை ஊன்றி நின்றார்.  கடைசியில், "கோபம் இருந்துச்சுண்ணே" என்றார். "நிறையவே இருந்துச்சு."

"இருக்கணும்ல" என்றார் அவர். அடுத்த காலைக் காட்டச் சொன்னார்.

டிஸ்க்கை அவர் தன் சொந்தப் பாலிசிகளோடு பீரோ லாக்கரில், இரண்டு உறை போட்டு வைத்திருந்தார். இடையில் மாதா மாதம், தங்கச்சி வரலையே, இதுல புதுசு ஏத்த வேண்டாமா என்று பெண்டாட்டியிடம் கேட்டுக்கொண்டேயிருந்தாராம். தானாக போனை எடுக்க மட்டும் கை வரவில்லை. அக்கா சோறு போட்டாள். மூன்று நாளாக ரொட்டியும் பிஸ்கட்டும் தின்றவர்கள் இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் தலையில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டதும் அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே டிஸ்க்கைச் செருகிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்தது. ஒவ்வொரு காலும் திரையில் எழுந்து மெல்லச் சுழன்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில் இருந்தார்கள். அந்தம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் வரிசை அந்த விருந்து நாளோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள், அதற்குப் பிறகு திருத்தியவை எதுவும் இல்லை. பேசாமல் இருந்த காலம் பூராவும் வெற்றிடமாகக் கிடந்தது.

யார் யார் இல்லை என்று இன்சூரன்ஸ்காரர் கேட்டார். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். புதிதாக வந்த சில பேர். அவர்களுக்கு ஒன்றிரண்டு திருத்தத்தில் சரியாகிவிட்டது, மறுபடி அளவெடுத்தால் வந்துவிடும். சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"சலூன்காரர்" என்றாள்.

கால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சலூன்காரர் கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருந்தவர். முட்டிக்குக் கீழே ஒரு கால் இல்லை. நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை செய்கிற தொழில். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும், பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். அவருக்கு எலும்பு வேறு ஏடாகூடமாக வளர்ந்திருந்தது. எந்தக் கூடும் ஒத்துவரவில்லை. வருவார், மாட்டிப் பார்ப்பார், குத்துது என்பார். திருத்தினால் இப்ப வேற இடத்துல குத்துது என்பார். பேச்சும் வெடுக்கென்று இருக்கும். உங்களுக்கென்னம்மா, உக்காந்த இடத்துல தட்டறீங்க, நிக்கறவன் நான்தானே என்பார். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மழைக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு கூட்டை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவேயில்லை. வராததை வைத்துத்தான் சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு இனிப்பு வாங்கித் தின்றார்களாம்.

மறுநாள் இன்சூரன்ஸ்காரர் தன் காரை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்துவிட்டார். அவருக்கு எந்தச் சந்தில் தண்ணீர் வடிந்திருக்கிறது, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்பது அத்துப்படி. தொழில் அப்படி. தெருவில் கரண்ட் இன்னும் வரவில்லை. டிஸ்க்கில் இருந்தவர்களுக்கு அது வந்ததும் அச்சு இறக்கலாம், விட்டுப்போனவர்களுக்காகக் கால்காரர் பழைய முறைக்கே வந்தார். மாவுக்கட்டுத் துணியை நனைத்துக் காலில் சுற்றி அளவெடுப்பது. அந்தப் பையும் வாளியுமாக மூவரும் கிளம்பினார்கள். ஒவ்வொரு வீடாகப் போய், விட்டுப்போனவர்களை அளவெடுத்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அந்தம்மா தானே சொன்னாள், உங்க அளவு எங்ககிட்ட இருந்தது, காப்பாத்த முடியாம போச்சு என்று. யாரும் கோபிக்கவில்லை. ஒருவர், எங்க வீடே போச்சேம்மா என்று சமாதானம் சொன்னார்.

சலூன்காரர் கடைக்குக் கடைசியாகத்தான் போனார்கள். அந்தம்மாதான் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

கடையின் கண்ணாடியில் பாதி உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது. சுழல் நாற்காலியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அதில் அவரே உட்கார்ந்திருந்தார். கட்டை சுவரில் சாய்ந்திருந்தது. வெள்ளத்தன்று கூரை மேலிருந்தவர்கள் கயிறு போட்டு அவரை இழுத்தபோது, கூட்டுக்குள் தண்ணீர் நிறைந்து கனத்த கால் அப்படியே கழன்று போய்விட்டதாம். ஒரு கையில் கட்டை பிடித்தால் இன்னொரு கைக்குக் கத்திரிக்கோல் மட்டும்தான், சீப்பைப் பிடிக்க யாரைக் கூப்பிடுவது என்று, இவர்கள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். வாசலில் இரண்டு பேர் முடிவெட்ட வந்து திரும்பிப் போனார்கள்.

"என் அளவுதான் உங்ககிட்ட இருக்கே. என்னைக்குத் தருவீங்க?" என்று கேட்டார்.

அவள் சொல்லிவிட்டாள். பெட்டி விழுந்தது, டிஸ்க் பழையது, அவருடைய கடைசி அளவு அதில் இல்லை, முதலில் எடுத்த அளவுகூட இல்லை. எங்க தப்புதான் என்றாள். அது இயந்திரத்தின் தப்பு இல்லை, எங்க குடும்பத்துத் தப்பு என்றும் சொன்னாள். பின்னால் நின்ற இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள்.

சலூன்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள்.  அவர் இழுப்பறையைத் திறந்து, கிருதா எடுக்கும்போது கோடு போடுகிற பென்சிலை எடுத்தார். பேன்ட்டைச் சுருட்டி மிச்சக் காலை நாற்காலிக் கையின் மேல் தூக்கி வைத்தார்.

"முதல் கூட்ல இங்க குத்துச்சு" என்று ஒரு வட்டம் போட்டார். "அதை எடுத்தீங்க. எடுத்ததும் பாரம் இங்க எறங்கிச்சு. அதுக்கு இங்க கொஞ்சம் இறுக்கினீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா சாயங்காலம் வீங்கினா பின்னால பிடிச்சுது. பின்னால விட்டீங்க. விட்டது அதிகம், ஆடுச்சு. பாதி குறைச்சீங்க."

ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஒரு வட்டம். எது முதலில், எது பிறகு, எவ்வளவு என்று வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தம்மா மண்டியிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிங்க இவ்வளவும் ஞாபகம்?"

"வலிச்சவன் நான்தானேம்மா" என்றார். வெடுக்கென்றுதான் சொன்னார். ஆனால் காலை அவள் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

கால்காரர் மாவுத் துணியை நனைத்தார். இன்சூரன்ஸ்காரர் தன் வெள்ளைச் சட்டையோடு சேற்றுத் தரையில் உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டார். சுற்றும்போது கால் அசையக்கூடாது, யாராவது தாங்கவேண்டும் என்றதும் வாளியை வைத்துவிட்டு, அந்தக் காலின் அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார். மாவு இறுகுகிற வரைக்கும் அப்படியே இருந்தார். அன்றைக்கு அந்த மனுஷர் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை.

மாவு காய்ந்து கழற்றியபோது, பென்சில் கோடுகள் அச்சின் உட்பக்கம் இடம் வலம் மாறி ஒட்டி வந்திருந்தன. கரண்ட் வந்ததும் அவள் அதைக் கருவியால் சுற்றிக் காட்டி, கோடு கோடாகப் பார்த்து வேலை செய்தாள். அதற்குள் ஒயர் ஒரு இரவல் பெட்டி கொண்டுவந்து, இந்த முறை இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அக்கா வீட்டு டிஸ்க் இப்போது வாரா வாரம் போய் வருகிறது. பெரும்பாலும் இன்சூரன்ஸ்காரரே வந்து எடுத்துக்கொள்கிறார். வராத வாரம், என்ன சகல ஆளைக் காணோம் என்று கால்காரர் போன் போடுகிறார். வெளியூருக்கு அனுப்பிய பெட்டியைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

சலூன்காரருக்கு முதல் கூடு சரியாக வரவில்லை. பின்பக்கம் பிடித்தது. அவள் திருத்தினாள். அடுத்ததை எடுத்துக்கொண்டு மூவரும் மறுபடி கடைக்குப் போனார்கள். அவர் மாட்டிக்கொண்டார், எழுந்தார், கட்டையை விட்டுவிட்டு நாற்காலியைச் சுற்றி ஒருமுறை வந்தார். இன்னொரு முறை வந்தார். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்க குத்துது என்று கேட்க அந்தம்மாவுக்குத் தைரியம் வரவில்லை.

அவர் துணியை உதறினார். கால்காரரின் தலையைப் பார்த்தார்.

"என்னங்க இது, காடு மாதிரி. உக்காருங்க" என்றார்.

கால்காரர் உட்கார்ந்தார். கத்திரி பேச ஆரம்பித்தது. வெள்ளத்தில் யார் யார் என்ன செய்தார்கள், கால்வாய்ப் பாலத்தை எப்படிக் கட்டியிருக்கவேண்டும், இந்த ஊரில் ஒருத்தனுக்கும் புத்தியில்லை என்று சலூன்காரர் அடுக்கிக்கொண்டே போனார். இன்சூரன்ஸ்காரர் அடுத்த ஆளாகப் பெஞ்சில் காத்திருந்தார். அந்தம்மா வாசற்படியில் நின்று, அவர் பேச்சைக் கேட்காமல் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே காது மடலுக்குப் பின்னால் வெட்டுவதற்காக அவர் இடப்பக்கம் நகர்ந்து, பாரம் முழுவதையும் புதுக் காலின் மேல் வைத்து நின்றுகொண்டார்.

அப்படியே வெகுநேரம் நின்றார்.